எதிர் மனையில் என்ன எழும்பும்? முன்னாள் கம்யூனிச நகரங்களில் மக்கள் குரலுக்கான வழிகள்: ஓர் ஒப்பீடு

போலந்தின் ஒரு நகரத்தில், குடியிருப்புக்கு எதிரே உள்ள காலி நிலத்தில் பதினோரு மாடிக் கட்டடம் வரப்போவதாகத் தெரிய வருகிறது. குடியிருப்பவர்கள் கூடிப் பேசுகிறார்கள். கையெழுத்து வாங்கி மனு கொடுக்கலாம் என்கிறார் ஒருவர். வாக்கெடுப்பு கேட்போம் என்கிறார் இன்னொருவர். நகராட்சிப் பணத்தில் ஒரு பகுதியை எதற்குச் செலவிடுவது என்று மக்களே முன்மொழிந்து வாக்களிக்கும் பங்கேற்பு பட்ஜெட்டில் அங்கே ஒரு பூங்கா கேட்டால் வேலை முடிந்தது என்கிறார் மூன்றாமவர். இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு வகைக் கேள்விக்கான வழி. பொருந்தாத வழியைப் பிடித்தால் ஆறு மாத உழைப்பு வீணாகும். அந்த ஆறு மாதத்துக்குள் பொருந்தும் வழியின் கெடுவும் முடிந்திருக்கும். அதுதான் பெரிய இழப்பு.

வழியைத் தேர்ந்தெடுக்கும் முன் இரண்டு விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். முடிவு இன்னும் எடுக்கப்படாமல் இருக்கிறதா? மக்கள் சொல்வதை ஏற்கவோ, ஏற்காவிட்டால் ஏன் என்று சொல்லவோ சட்டப்படி யாருக்காவது கடமை இருக்கிறதா? எத்தனை பேர் நம் பக்கம் என்ற கணக்கு இவை இரண்டுக்கும் பிறகுதான்.

இங்கே போலந்தை நடுவில் வைத்து, பக்கத்து நாடுகளை ஒட்டிப் பார்க்கிறோம். வார்சாவிலும் கிராக்கோவிலும் வேலைக்கு வந்து தங்கியிருக்கும் தமிழர்களுக்கும் இது பயன்படும். இந்த வழிகளில் சிலவற்றுக்கு போலந்துக் குடியுரிமை தேவையே இல்லை.

இந்த நகரங்களின் தனிச் சிக்கல்

1989க்கு முன் நிலமும் திட்டமும் அரசின் கையில் இருந்தன. மக்கள் பங்கேற்பு என்றால் பெயரளவில் தன்னார்வம், நடைமுறையில் கட்டாயம் என்ற வகைப் பொதுப்பணி நாட்கள்தான். பெரியவர்கள் பலர் இன்றும் கருத்துக்கேட்புக் கூட்டம் என்றால் ஒதுங்கிப் போவதற்கு அந்த நினைவும் ஒரு காரணம். 1990இல் போலந்தில் நகராட்சிகளுக்குத் தன்னாட்சி கிடைத்தது. ஆனால் 1995க்கு முந்தைய பழைய நிலப்பயன்பாட்டுத் திட்டங்கள் 2003 டிசம்பர் 31ஆம் தேதியோடு செல்லாமல் போயின. புதியவை அதே வேகத்தில் வரவில்லை. நாட்டின் பரப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்குத்தான், எங்கே என்ன கட்டலாம் என்று சொல்லும் உள்ளூர்த் திட்டம் இருக்கிறது.

திட்டம் இல்லாத இடத்தில் கட்டுபவர் நகராட்சியிடம் 'கட்டட நிபந்தனை ஆணை' கேட்டு வாங்கிக்கொள்வார். சுற்றியுள்ள கட்டடங்களோடு பொருந்த வேண்டும் என்பதே அதன் முக்கிய நிபந்தனை. இதில் வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைப்பது கிடையாது, கருத்துக்கேட்பும் கிடையாது. பக்கத்து மனை உரிமையாளர் போன்ற சட்டத் தரப்பினருக்கு மட்டுமே அறிவிப்பு போகும். ஆகவே முதல் வேலை, நகராட்சியின் இணைய வரைபடத்தில் உங்கள் மனை எண்ணைத் தட்டி, அங்கே உள்ளூர்த் திட்டம் இருக்கிறதா, தயாராகிக்கொண்டிருக்கிறதா, ஒன்றுமே இல்லையா என்று பார்ப்பது. இந்தப் பதில் தெரியாமல் எதையும் தொடங்காதீர்கள்.

மற்ற நாடுகளிலும் ஓட்டைகள் உண்டு, இடம்தான் வேறு. ருமேனியத் தலைநகர் புகாரெஸ்டின் பொதுத் திட்டம் 2000ஆம் ஆண்டையது. அதன் தலைக்கு மேல் மண்டலத் திட்டம் என்ற பெயரில் விதிவிலக்குகள் குவிந்தன. நகரின் ஆறு வட்டாரங்களில் ஐந்துக்குப் போடப்பட்ட மண்டலத் திட்டங்களை 2021இல் அப்போதைய மேயர் நிக்குஷோர் டான் நிறுத்திவைக்க வேண்டி வந்தது. பொதுத் திட்டத்துக்குக் கருத்துச் சொல்லிவிட்டு நிம்மதியாக இருந்தவர்களுக்கு அங்கே பயன் கிடைக்கவில்லை. செர்பியத் தலைநகர் பெல்கிரேடில் சாவா ஆற்றங்கரைத் திட்டத்துக்காக 2015 ஏப்ரலில் நாடாளுமன்றம் தனிச்சட்டமே கொண்டுவந்து, வணிகக் கட்டுமானத்துக்கு நிலம் எடுப்பதைப் பொதுநலன் என்று அறிவித்தது. அடுத்த ஆண்டு ஏப்ரல் 24ஆம் தேதி இரவு, முகமூடி அணிந்தவர்கள் சவாமாலா பகுதியில் கட்டடங்களை இடித்துத் தள்ளினார்கள். நடைமுறை எழுத்தில் ஒழுங்காக இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு இதைவிடக் கசப்பான சான்று வேண்டாம்.

எழுத்து மூலமான ஆட்சேபணை

கவர்ச்சி இல்லாத வழி இது. ஆனாலும் எங்கள் பரிந்துரையில் முதலிடம் இதற்கே. காரணம், உள்ளூர்த் திட்டம் தயாராகும்போது வரும் கருத்துகளைப் பரிசீலிக்க நகராட்சி சட்டப்படி கடமைப்பட்டது. கருத்து யார் வேண்டுமானாலும் தரலாம். நில உரிமையோ குடியுரிமையோ கேட்கப்படாது.

2003ஆம் ஆண்டுத் திட்டமிடல் சட்டப்படி வரைவைக் குறைந்தது 21 நாள் பார்வைக்கு வைக்க வேண்டியிருந்தது. அது முடிந்தபின் குறைந்தது 14 நாள் கருத்துத் தர முடிந்தது. 2023இல் வந்த திருத்தம் இதை மாற்றி, கருத்துக்கேட்புக்குக் குறைந்தது 28 நாள் என்று ஆக்கியது. எழுத்துக் கருத்து வாங்குவதோடு நிறுத்திக்கொள்ள முடியாது. திறந்த கூட்டம், பயிற்சிப் பட்டறை போன்ற ஒன்றும், இடத்துக்கே நடந்துபோய்ப் பார்ப்பது, வரைபடக் கணக்கெடுப்பு போன்ற இன்னொன்றும் சேர வேண்டும். கருத்தை அதற்கென உள்ள படிவத்தில்தான் தர வேண்டும். அழகாக எழுதிய கடிதமானாலும் படிவத்தில் இல்லாவிட்டால் சிக்கல்.

பெரும்பாலான ஆட்சேபணைகள் தோற்பது அவை தவறாக இருப்பதால் அல்ல, திட்டத்தின் மொழியில் இல்லாததால். "எங்கள் பகுதியைக் கான்கிரீட் காடாக்காதீர்கள்" என்று ஐந்நூறு பேர் எழுதினாலும், திட்டத்தில் மாற்றுவதற்கென்று ஒரு வரி அதில் இல்லை. திட்டம் எண்களால் ஆனது: உயரம், கட்டட எல்லைக்கோடு, தளப்பரப்பு விகிதம், கார் நிறுத்த இடங்களின் எண்ணிக்கை, மழைநீர் இறங்கும் இயற்கை நிலப்பரப்பின் சதவீதம். வரைபடத்தில் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு குறியீடு இருக்கும். அடுக்குமாடிக் குடியிருப்புக்கு எம்.டபிள்யூ, பூங்காவுக்கு இசட்.பி. வேலை செய்யும் ஆட்சேபணை இப்படி இருக்கும்:

"12.எம்.டபிள்யூ பகுதியில் அதிகபட்ச உயரத்தை 36 மீட்டரிலிருந்து 18 மீட்டராகக் குறைக்கவும். இயற்கை நிலப்பரப்பின் குறைந்தபட்ச அளவை 25 சதவீதத்திலிருந்து 40 சதவீதமாக உயர்த்தவும். காரணம்: தெற்கே உள்ள பள்ளிக் கட்டடம் மூன்று மாடி, தெருவின் மழைநீர்க் குழாய் ஏற்கெனவே நிரம்பி வழிகிறது. படங்கள் இணைப்பு."

அந்த 25 சதவீதம் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு நாடு தழுவிய பொது விதியிலேயே இருக்கும் அளவு. உள்ளூர்த் திட்டம் வேறு அளவு சொல்லலாம். அங்கேதான் உங்கள் பேரம். ஒரு கோரிக்கைக்கு ஒரு படிவம் வையுங்கள். பத்துக் கோரிக்கைகளை ஒன்றில் கலந்தால், அவற்றில் முடியாத ஒன்றைக் காட்டி மொத்தமாக நிராகரிப்பது எளிதாகிவிடும்.

அடுத்த பொறி பணம். தனியார் மனையைப் பூங்கா என்று குறிக்கச் சொல்பவர்கள், திட்டமிடல் சட்டத்தின் 36ஆம் பிரிவை மறந்துவிடுகிறார்கள். திட்டம் ஒரு நிலத்தின் பயன்பாட்டைப் பறித்தால், உரிமையாளர் இழப்பீடு கேட்கலாம், நிலத்தை நகராட்சியே வாங்கிக்கொள்ளவும் சொல்லலாம். நகராட்சி அதிகாரி உங்கள் கோரிக்கையைப் படிக்கும்போது அவர் மனதில் ஓடுவது அந்தத் தொகைதான். முழு மனைக்கும் பூங்கா கேட்பதைவிட, மரங்கள் உள்ள ஓரத்தில் கட்டட எல்லைக்கோட்டை 15 மீட்டர் உள்ளே தள்ளச் சொல்வது நிறைவேற வாய்ப்பு அதிகம்.

கெடுவின் கடைசி நாள்வரை காத்திருப்பதும் தவறு. வரைவு பார்வைக்கு வந்தபின் பெரிய மாற்றம் செய்தால், நடைமுறையின் சில கட்டங்களைத் திரும்பச் செய்ய வேண்டிவரும். அதனாலேயே அந்தக் கட்டத்தில் சிறு திருத்தங்களுக்குத்தான் திட்டமிடுபவர்கள் இசைவார்கள். திட்டம் தொடங்குவதாக மாமன்றம் தீர்மானம் போட்டவுடன் ஒரு விண்ணப்பக் காலம் அறிவிக்கப்படும். அப்போது தாள் இன்னும் வெறுமையாக இருக்கும். பெரிய கோரிக்கைகளுக்கு அதுவே நேரம். அந்த அறிவிப்பைப் பெரும்பாலோர் பார்ப்பதே இல்லை.

திட்டம் நிறைவேறியபின் நிர்வாக நீதிமன்றத்துக்குப் போகலாம். ஆனால் தன் சொந்தச் சட்ட நலன் பாதிக்கப்பட்டதைக் காட்ட வேண்டும். தினமும் அங்கே நடக்கப் போகிறவர் என்பது போதாது. பக்கத்து மனை உரிமையாளருக்கு வழி உண்டு.

செக் குடியரசின் 2006ஆம் ஆண்டுக் கட்டுமானச் சட்டம் இதில் ஒரு நல்ல யோசனையைக் கொண்டிருந்தது. 200 குடிமக்கள் (2000 பேருக்குக் குறைவான ஊரில் பத்தில் ஒரு பங்கினர்) கையெழுத்திட்டால் ஒரு 'பொதுமக்கள் பிரதிநிதி'யை நியமிக்கலாம். சாதாரணக் கருத்தைவிட வலுவான ஆட்சேபணையை அவர் தரலாம், அதற்குக் காரணத்தோடு பதில் தரப்பட வேண்டும். கையெழுத்துகளின் எண்ணிக்கைக்குச் சட்ட எடை கொடுத்த ஏற்பாடு இது. போலந்தில் ஆயிரம் கையெழுத்து உள்ள மனுவும் ஒரே ஒருவர் துல்லியமாக எழுதிய படிவமும் சட்டத்தின் முன் ஒரே எடைதான்.

பங்கேற்பு பட்ஜெட்

போலந்தில் இதை முதலில் செய்த ஊர் பால்டிக் கடலோர சோபோட், 2011இல். 2018 ஜனவரியில் வந்த சட்டத் திருத்தம், மாவட்டத் தகுதி பெற்ற 66 நகரங்களுக்கு இதைக் கட்டாயமாக்கியது. நகராட்சிச் செலவில் குறைந்தது 0.5 சதவீதம் இதற்கு ஒதுக்கப்பட வேண்டும். முன்மொழிவுக்குக் கேட்கும் கையெழுத்து அந்தப் பகுதி மக்களில் 0.1 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. வென்ற பணியை மாமன்றம் பட்ஜெட் விவாதத்தில் நீக்கவோ பெரிதாக மாற்றவோ முடியாது. குடியிருப்பவராக இருந்தால் போதும், வாக்களிக்கலாம். வெளிநாட்டவரும் சிறுவர்களும் இதில் அடக்கம்.

கட்டுப்படுத்தும் வலு இதில் நிறைய இருக்கிறது. ஆனால் எதைக் கட்டுப்படுத்துகிறது என்று பாருங்கள். மரம், பெஞ்சு, சைக்கிள் நிறுத்தம், விளையாட்டுத் திடல். எதிர் மனையில் எத்தனை மாடி என்பதை இது தொடாது. முன்மொழிவுகள் விழுவதும் பெரும்பாலும் நில விஷயத்தில்தான். 1960களிலும் 70களிலும் எழுந்த பெரிய குடியிருப்புகளில், கட்டடங்களுக்கு நடுவே உள்ள புல்வெளி பல இடங்களில் வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கத்துக்குச் சொந்தம், நகராட்சிக்கு அல்ல. வார்சாவில் இன்னொரு முடிச்சு: 1945 அக்டோபர் 26ஆம் தேதி ஆணையால் நகர நிலம் முழுவதும் பொதுவுடைமையானது. பழைய உரிமையாளர்களின் வாரிசுகள் கோரும் மனைகளில் நகராட்சி பணம் போடத் தயங்கும். முன்மொழிவை எழுதும் முன் மனையின் உரிமைப் பதிவைப் பார்த்துவிடுவது ஒரு மணி நேர வேலை. பார்க்காமல் விட்டால் ஓராண்டு போய்விடும்.

குலுக்கலில் தேர்வாகும் குடிமக்கள் குழு

2016 ஜூலையில் க்டான்ஸ்க் நகரம் பெருமழையில் மூழ்கியது. அதே ஆண்டு மேயர் பாவெல் அடமோவிச், போலந்தின் முதல் குடிமக்கள் குழுவைக் கூட்டினார். கேள்வி: கனமழைக்கு நகரத்தை எப்படித் தயார்செய்வது? குலுக்கலில் தேர்ந்த குடும்பங்களுக்கு அஞ்சலில் அழைப்பு போனது. விருப்பம் தெரிவித்தவர்களிலிருந்து வயது, பாலினம், கல்வி, வசிக்கும் பகுதி ஆகியவை நகரத்தின் விகிதத்தை ஒத்திருக்கும்படி இறுதிக் குழுவைப் பொறுக்கினார்கள். பல சனிக்கிழமைகள் நிபுணர்களும் அமைப்புகளும் சொல்வதைக் கேட்டு, பேசி, வாக்களித்தார்கள். 80 சதவீத ஆதரவு பெற்ற பரிந்துரையை நிறைவேற்றுவேன் என்பது மேயரின் வாக்குறுதி. பிறகு காற்று மாசு பற்றி லூப்ளின் நகரம் 2018இலும், பசுமை பற்றி லோட்ஸ் நகரம் 2020இலும் இதே வழியில் போயின.

இதன் அருமை, வழக்கமாகக் கூட்டத்துக்கு வராதவர்கள் வருவதில் இருக்கிறது. மாலைக் கூட்டங்களில் எப்போதும் தெரியும் அதே இருபது முகங்கள், அவர்களுள் பெரும்பாலோர் ஓய்வுபெற்றவர்கள். ஷிப்டு வேலைக்காரரும் கைக்குழந்தை உள்ள தாயும் அங்கே இருக்க மாட்டார்கள். குலுக்கலும், கலந்துகொள்வதற்குத் தரும் தொகையும் அந்தச் சாய்வைக் கணிசமாகச் சரிசெய்கின்றன.

பலவீனம், 80 சதவீத விதிக்குச் சட்டத்தில் வேர் இல்லை. மேயர் மாறினால் வாக்குறுதியும் அவரோடு போகலாம். கேள்வியை வகுப்பதும் நகராட்சியே. தயாரிப்பு, குலுக்கல், கூட்டங்கள் எல்லாம் சேர்த்துச் சில மாதங்கள் பிடிக்கும். ஒற்றை மனைத் தகராறுக்கு இது பொருந்தாது. வெள்ளம், வெப்பம், போக்குவரத்து முன்னுரிமை போல ஒருவருக்கு லாபம் இன்னொருவருக்கு இழப்பு என்று பின்னிக்கிடக்கும் நகர அளவிலான கேள்விக்கு, இதைவிட நல்ல முறையை இந்த நாடுகளில் நாங்கள் காணவில்லை.

வாக்கெடுப்பு

போலந்தில் உள்ளூர் வாக்கெடுப்பை மக்களே தூண்ட, வாக்காளர்களில் 10 சதவீதத்தினரின் கையெழுத்தை 60 நாளில் திரட்ட வேண்டும். 30 சதவீதம் பேர் வாக்களித்தால்தான் முடிவு செல்லும். செல்லுபடியானால் நகராட்சியைக் கட்டுப்படுத்தும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்து தங்கியிருப்பவருக்கு இதில் வாக்கில்லை.

கிராக்கோவ் 2014 மே 25 அன்று நான்கு கேள்விகளைக் கேட்டது. 2022 குளிர்கால ஒலிம்பிக்கை நடத்தலாமா என்பதற்கு ஏறக்குறைய 70 சதவீதம் வேண்டாம் என்றது. நகரம் போட்டியிலிருந்து உடனே விலகியது. மெட்ரோ வேண்டுமா என்பதற்கு 55 சதவீதம் வேண்டும் என்றது. பத்தாண்டு கடந்தும் மெட்ரோ ஓடவில்லை. இரண்டும் ஒரே நாளில், ஒரே சட்ட வலுவோடு வந்த முடிவுகள். 'வேண்டாம்' என்பதை ஒரு கடிதத்தில் நிறைவேற்றிவிடலாம். 'வேண்டும்' என்பதற்குப் பணம், வடிவமைப்பு, அனுமதி எல்லாம் வேண்டும். வாக்கெடுப்பை ஒன்றைத் தடுக்கப் பயன்படுத்துங்கள். கட்டவைக்க அதை நம்பாதீர்கள்.

அன்றைய வருகை 36 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலும் அதே நாளில் நடந்தது அதற்குப் பெரிதும் உதவியது. ஆனால் தேர்தலோடு சேர்த்தால் எங்கும் வெற்றி என்று எண்ண வேண்டாம். ரயில் நிலையத்தை இடம் மாற்றுவது பற்றி செக் நகரமான பிர்னோ 2016 அக்டோபரில் மாகாணத் தேர்தலோடு சேர்த்துக் கேட்டும், வந்தவர்கள் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. அங்கே தேவை 35 சதவீதம் என்பதால் முடிவு செல்லவில்லை. தெருவாசியின் கண்ணில் நேரடியாகப் படும் விஷயமானால் நிலை வேறு: இன்னொரு செக் நகரமான பில்சென்னில் இடிக்கப்பட்ட கலாச்சார மாளிகையின் இடத்தில் வணிக வளாகம் வேண்டாம் என்று 2013 ஜனவரியில் செல்லத்தக்க வாக்கெடுப்பிலேயே மக்கள் சொன்னார்கள்.

கேள்வியின் வாசகம் தலையெழுத்தையே மாற்றும். முன்னாள் கிழக்கு ஜெர்மனியின் டிரெஸ்டன் மக்கள் 2005 பிப்ரவரியில் எல்பே ஆற்றின் மேல் வால்ட்ஸ்லெஸ்ஷன் பாலத்துக்கு 68 சதவீத அளவில் ஆதரவளித்தார்கள். அந்தப் பள்ளத்தாக்கு முந்தைய ஆண்டுதான் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்ந்திருந்தது. பாலம் வந்தால் அந்தத் தகுதி போகும் என்ற விளைவு வாக்குச்சீட்டில் இல்லை. யுனெஸ்கோவின் எச்சரிக்கை பின்னர்தான் கூர்மையானது. சாக்சனி மாநிலச் சட்டப்படி அந்த முடிவு மூன்றாண்டுக்குக் கட்டுப்படுத்தும். இடையில் சுரங்கப்பாதை போன்ற மாற்று யோசனைகள் எழுந்தும் பாதை திரும்பவில்லை. 2009இல் தகுதி பறிபோனது, 2013இல் பாலம் திறக்கப்பட்டது. ஆம், இல்லை என்று மட்டும் கேட்டால் மூன்றாவது வழிக்கு இடமில்லாமல் போகும்.

செயலி வாக்கும் அரசுக் கணக்கெடுப்பும்

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். மாஸ்கோ நகராட்சி 2014இல் 'அக்டிவ்னி கிராஜ்தானின்' செயலியைத் தொடங்கியது. 2017இல் ஐந்து மாடிக் குடியிருப்புகளை இடித்துப் புதிதாகக் கட்டும் திட்டத்துக்கான வாக்கும் அதன் வழியாக நடந்தது. மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரித்த கட்டடம் திட்டத்தில் சேரும். எந்தக் கட்டடங்கள் வாக்குக்கு வரும், வராதவர் வாக்கு எப்படிக் கணக்கிடப்படும் என்பதையெல்லாம் நகராட்சியே வகுத்தது. இன்னொரு ரஷ்ய நகரமான எகடெரின்பர்க்கில் நாடக அரங்கருகே உள்ள பூங்காவில் தேவாலயம் கட்டுவதை எதிர்த்து 2019 மே மாதம் மக்கள் திரண்டார்கள். அதன்பின் எடுத்த கணக்கெடுப்பில் 74 சதவீதம் பேர் அந்த இடம் சரியில்லை என்றார்கள், பூங்கா தப்பியது. தெருவில் மக்கள் நிற்காமல் அந்தக் கணக்கெடுப்பு வந்திருக்காது. செயலியில் ஒரு நிமிடம் செலவழித்து வாக்களியுங்கள். உங்கள் உத்தியை அதன்மேல் கட்டாதீர்கள்.

எந்த நிலையில் எது

உள்ளூர்த் திட்டம் தயாராகிக்கொண்டிருந்தால் ஆட்சேபணைப் படிவம்தான் முதல் வேலை. மூன்று நான்கு பேர் உட்கார்ந்து திட்டத்தின் வாசகத்தையும் வரைபடத்தையும் முழுதாகப் படியுங்கள். குறியீடு குறியீடாகக் கோரிக்கைகளைப் பிரித்து எழுதுங்கள். திட்டமிடும் அதிகாரி பொதுமக்களைச் சந்திக்கும் நேரத்தில் போய், எது சாத்தியம், எதற்கு இழப்பீட்டுச் சிக்கல் என்று நேரிலேயே கேளுங்கள். கையெழுத்து இயக்கத்தை மாமன்ற உறுப்பினர்கள்மேல் அழுத்தம் தரத் தனியாக நடத்துங்கள். படிவத்துக்கு மாற்றாக அல்ல. கேள்வி நகரம் முழுவதற்குமானது, மேயருக்கும் தயக்கம் இருக்கிறது என்றால், குடிமக்கள் குழு கேட்க அது நல்ல நேரம். 80 சதவீத விதியையும், நிராகரித்தால் எழுத்தில் காரணம் சொல்லும் கடமையையும் தொடக்கத்திலேயே மாமன்றத் தீர்மானமாக வாங்கிவிடுங்கள். வாக்கெடுப்பு கடைசி ஆயுதம், அதுவும் தடுப்பதற்கு. பங்கேற்பு பட்ஜெட்டை ஆண்டுதோறும் செய்யுங்கள். அண்டை வீட்டாரை அறிமுகப்படுத்தும் வேலையை அது செய்யும். அந்த அறிமுகம் ஆட்சேபணை எழுதும்போது கைகொடுக்கும்.

உள்ளூர்த் திட்டமே இல்லாத இடம்தான் கடினமானது. அங்கே இரண்டு வேலைகளை ஒரே நேரத்தில் செய்ய வேண்டும். ஒன்று, அந்தப் பகுதிக்குத் திட்டம் தொடங்கும்படி மாமன்றத்தைக் கேட்பது. தொடங்க முடிவானால், கட்டட நிபந்தனை விண்ணப்பத்தின் நடவடிக்கையை மேயர் ஒரு காலத்துக்கு நிறுத்திவைக்கலாம். இன்னொன்று, சங்கமாகப் பதிவுசெய்வது. எளிய சங்கத்துக்கு மூன்று பேர் போதும், முழுப் பதிவுக்கு ஏழு பேர். நிர்வாக நடைமுறைச் சட்டத்தின் 31ஆம் பிரிவின்படி, நோக்கமும் பொதுநலனும் பொருந்தினால் சங்கம் விசாரணையில் தரப்பாகச் சேரக் கேட்கலாம். பக்கத்து மனை உரிமையாளராக இருக்க வேண்டியதில்லை. சுற்றுச்சூழல் ஆணை தேவைப்படும் பெரிய கட்டுமானமானால் கூடுதல் நிபந்தனை ஒன்று உண்டு: அந்த விசாரணை தொடங்குவதற்குக் குறைந்தது 12 மாதம் முன்பிருந்தே சங்கம் இயங்கிவந்திருக்க வேண்டும். எதிர் மனையில் வேலி போட்டபின் தொடங்கும் சங்கத்துக்கு அந்த விசாரணையில் இடம் கிடைக்காது. ஆகவே மனை இன்னும் காலியாக இருக்கும்போதே பதிவை முடித்துவிட வேண்டும்.